கருவாட்டின் மேல் விழுந்த பழி

நெடுங்கரையில் பொன்னுத்தாய்க்கு வேறொரு பெயர் இருந்தது. கருவாட்டுக்காரி. கூடையில் கருவாடு சுமந்து விற்றதனால் வந்த பெயர் அல்ல அது. ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பு வைத்துக் கட்டின புருஷனைக் கொன்றவள் என்று ஊரே சேர்ந்து சூட்டிய பெயர். அந்தப் பெயரைத் தலையில் சுமந்துகொண்டுதான் இருபத்திரண்டாம் வயதில் அவள் அந்த ஊர் எல்லையைத் தாண்டினாள். இடுப்பில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையைக்கூட மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், தான்தான் கொன்றோம் என்று அவளும் நம்பினாள்.

லால்குடிக்கு வடக்கே ஆறு மைலில் இருக்கிறது நெடுங்கரை. அவள் புருஷன் வீரமலை நல்ல உழைப்பாளி, வாய் பேசாதவன். 1955ஆம் வருஷம் ஆடி மாசம், உழுதுகொண்டிருந்தபோது கொழு முனை காலில் ஏறிவிட்டது. நாலாம் நாள் புண் சீழ் வைத்தது. ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைதோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் சின்னையா வருவார்.

சின்னையா டாக்டர் அல்ல. ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரிடம் பன்னிரண்டு வருஷம் கம்பவுண்டராக மருந்து கலக்கிக் கொடுத்தவர். அந்த டாக்டர் காலமானதும், அவருடைய கறுப்புப் பையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினார். தாண்டியதும் டாக்டரய்யா ஆகிவிட்டார். எந்த நோய்க்கும் அவரிடம் பெனிசிலின் ஊசிதான். அதில் பலர் பிழைத்தார்கள் என்பதும் பொய்யல்ல.

வீரமலைக்கு அது முதல் ஊசியும் அல்ல. சித்திரையில் முதுகில் கட்டி வந்தபோது ஒன்று போட்டிருந்தார். அன்று சாயங்காலமே உடம்பெங்கும் திட்டுத்திட்டாகத் தடித்து, அரிப்பெடுத்து, உதடு வீங்கிவிட்டது. இரண்டு நாளில் தானாக அடங்கியது. பொன்னுத்தாய் அதை மறக்கவில்லை. சின்னையா மருந்துப் புட்டியில் ஊசியைக் குத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, கூச்சத்தை விட்டு முன்னால் வந்து சொன்னாள்.

"ஐயா, போன தடவை நீங்க ஊசி போட்டுட்டுப் போனப்புறம் இவருக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சுங்க. உதடுகூட வீங்கிச்சு."

சின்னையாவின் கை ஒரு கணம் நின்றது. அதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். பிறகு அவர் சிரித்தார்.

"கெட்ட ரத்தம் வெளியேறுதும்மா. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீ போய்க் கொஞ்சம் வெந்நீர் கொண்டா."

அவள் போனாள். வெந்நீர்ச் செம்போடு திரும்பி வருவதற்குள் ஊசி இறங்கிவிட்டது. வீரமலை கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தான். "தொண்டை அடைக்குது" என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை. முகம் பூசணிக்காய்போல் வீங்கியது. மூச்சு விசில்போல் கீச்சிட்டது. நகமெல்லாம் நீலம் பாய்ந்தது. கட்டிலிலிருந்து அவன் சரிந்தபோது வெந்நீர்ச் செம்பு அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது. பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

சனம் கூடிவிட்டது. சின்னையாவின் முகம் வெளுத்திருந்தது. அவர் கண்கள் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றித் துழாவின. கடைசியில் அடுப்பங்கரையில் போய் நின்றன.

"மத்தியானம் என்ன போட்டே இவனுக்கு?"

"கருவாட்டுக் குழம்புங்க."

"கெடுத்தியே. ஊசி போடுற உடம்புக்குக் கருவாடு விஷம்னு தெரியாது? பத்தியம்னு ஒண்ணு இருக்கே, அதுகூடவா உனக்குச் சொல்லித்தரணும்?"

அவ்வளவுதான். பத்தியம் என்ற அந்த ஒரு சொல் போதும். நாட்டு மருந்துக்குப் பத்தியம் உண்டு, கஷாயத்துக்குப் பத்தியம் உண்டு, அம்மை போட்ட வீட்டுக்குப் பத்தியம் உண்டு. இங்கிலீஷ் ஊசிக்குப் பத்தியம் உண்டா என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமியார் காளியாயி ஓடிப்போய் அந்தக் குழம்புச் சட்டியைத் தூக்கி வந்து மகனின் கால்மாட்டில் போட்டு உடைத்தாள். "என் புள்ளையச் சோத்துல கொன்னுட்டியேடி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். கருவாட்டு வாடைதான் அந்தச் சாவு வீட்டின் வாடையாக இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே அவளைத் துரத்திவிட்டார்கள். குழந்தை அஞ்சலையை மட்டும் காளியாயி விடவில்லை. புருஷனுக்குப் பத்தியம் பார்க்கத் தெரியாதவள் பிள்ளையை எப்படி வளர்ப்பாள் என்று கேட்டாள். பொன்னுத்தாய்க்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

புள்ளம்பாடியில் அண்ணன் வீட்டில் ஒன்றரை வருஷம் மூலையில் கிடந்தாள். கருவாட்டு வாடை தெருவில் வந்தாலே வாந்தி எடுப்பாள். அவளைப்போல் எட்டாவது பாஸான கைம்பெண்களுக்கு நர்ஸ் பயிற்சியில் முதலிடம் தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, தங்கையின் முகத்தைத் தினமும் பார்க்கச் சகியாத அண்ணன் அவளைப் புத்தூரில் ஒரு பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அந்தப் பள்ளியில் சிஸ்டர் டியூட்டர் தேவகிருபை என்று ஒருவர் மருந்துப் பாடம் எடுத்தார். அவர் பாடத்துக்கு ஒவ்வொருத்தியும் தனி நோட்டு வைக்க வேண்டும். பக்கத்தை நாலாகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். மருந்தின் பெயர் ஒன்று. அது உடம்பில் என்ன செய்யும் என்பது இரண்டு. வேண்டாத விளைவு, அதாவது சைடு எஃபெக்ட், மூன்று. நாலாவது பத்திக்கு அவர் வைத்திருந்த தலைப்பு: கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது. முதல் மூன்றில் தப்பு இருந்தால் திருத்துவார். நாலாவது காலியாக இருந்தால் நோட்டைத் தரையில் எறிவார்.

பொன்னுத்தாய் வெறியோடு படித்தாள். வயது வந்தவனுக்கு ஒரு அளவு, குழந்தைக்கு ஒரு அளவு. அளவுக்குத்தான் டோஸ் என்று பெயர். வாயால் கொடுத்தால் மெதுவாகப் போகும், சதையில் போட்டால் வேகமாக, ரத்தக் குழாயில் போட்டால் அந்த நிமிஷமே. அபினைப்போல் சில மருந்துகள் பழகிப்போகும். நேற்றுப் போதுமான அளவு இன்று போதாது. அதற்கு டாலரன்ஸ் என்று பெயர். இருதய நோய்க்குக் கொடுக்கும் டிஜிடாலிஸ் தினமும் முழுதாக வெளியேறாது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே தங்கித் தங்கி ஒரு நாள் விஷமாகும். அதனால் நாடி பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

1957 கார்த்திகை மாசம் ஒரு மழை நாளில் பெனிசிலின் பாடம் வந்தது.

சிஸ்டர் தேவகிருபை சொன்னதை அப்படியே சொல்கிறேன். இந்த மருந்து லட்சம் பேரைப் பிழைக்க வைக்கும். ஆனால் யாரோ ஒருவருடைய உடம்பு மட்டும் இதைப் பகையாளி என்று நினைத்துவிடும். முதல் தடவை அந்த உடம்பு மருந்தை அடையாளம் கண்டுவைத்துக்கொள்ளும். சில பேருக்கு அப்போதே தோல் தடிக்கும், அரிக்கும், உதடு வீங்கும். அதற்கு அலர்ஜி என்று பெயர். உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை அது. அதை மதிக்காமல் இரண்டாம் தடவை அதே மருந்தைப் போட்டால், தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சில நிமிஷத்தில் ஆள் போய்விடலாம். அதற்கு அனஃபிலாக்ஸிஸ் என்று பெயர். அதனால்தான் நாலாவது பத்தியில் இதை எழுத வேண்டும்: முன்பு இந்த ஊசி போட்டதுண்டா? போட்டபோது தடித்ததா? பிறகு முன்னங்கைத் தோலில் ஒரு சொட்டு டெஸ்ட் டோஸ் போட்டுக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் அட்ரினலின் மருந்து தயாராக இருக்க வேண்டும்.

பொன்னுத்தாய் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சிஸ்டர், அந்த ஆள் கருவாடு சாப்பிட்டிருந்தா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை அவர் பார்த்துவிட்டார்.

"கருவாட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பொன்னுத்தாய். யாரோ உனக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க."

அன்று மத்தியானம் விடுதிக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவள் அழுதாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனுக்காக அழுதாள். அதுவரை அழுததெல்லாம் தன் பாவத்துக்காக அழுதது. அந்த அழுகை ஓய்ந்தபோது, அவள் கண் முன்னால் ஒரு கை வந்து நின்றது. மருந்து உறிஞ்சும்போது ஒரு கணம் தயங்கிய கை. உதடு வீங்கியது என்று அவள் சொன்னதும் நின்றுபோன கை. அவருக்குத் தெரியாமலா நின்றது?

அந்தக் கல்லில் இருந்து எழுந்தவள் வேறு பொன்னுத்தாய். அவளுக்குள் சின்னையாவின் பெயர் தினம் ஒரு மாத்திரையாக இறங்கியது. ஒரு நாளும் வெளியேறவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நெடுங்கரைக்குப் போனாள். அன்று செவ்வாய்க்கிழமை. சாவடி முன்னால் சின்னையாவைச் சுற்றிப் பெரிய கூட்டம். முன்பைவிட மூன்று பங்கு. வீரமலையின் சாவு அவருக்குக் கெடுதல் செய்யவில்லை, புகழ் தந்திருந்தது. பத்தியம் தப்பினால் ஆளையே அடிக்கிற அளவுக்கு வேகமான மருந்து டாக்டரய்யா மருந்து என்று பேசிக்கொண்டார்கள். அவரும் ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு, வீரமலை வீட்டில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காளியாயி வாசலிலேயே மறித்தாள். நோட்டைத் திறந்து பொன்னுத்தாய் படித்துக் காட்டியதை ஒரு வார்த்தைகூட அவள் காதில் வாங்கவில்லை.

"நாலு எழுத்துப் படிச்சிட்டு வந்து, பண்ணுன பாவத்தை ஊசி மேல தள்ளிவிடுறியா? சின்னையா தெய்வம்டி. எம் மகன் காரியத்துக்கு முன்ன நின்னு அழுத மனுஷன்."

அவள் சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. பொன்னுத்தாய் குனிந்து கையை நீட்டினாள். குழந்தை பின்வாங்கி, பாட்டியிடம் கேட்டது.

"ஆயா, இதுதான் கருவாட்டுக்காரியா?"

லால்குடி பஸ்ஸில் திரும்பி வரும்போது பொன்னுத்தாய் அழவில்லை. ஒரே ஒரு முடிவு செய்துகொண்டாள். நோட்டில் எழுதியிருப்பதை நெடுங்கரை நம்பாது. சிஸ்டர் தேவகிருபை வந்து சொன்னாலும் நம்பாது. தெய்வத்தின் வாயாலேயே அது வர வேண்டும். காளியாயியின் காதில் விழ வேண்டும். அதுவரை சாகக் கூடாது. தானும் சாகக் கூடாது, சின்னையாவும் சாகக் கூடாது.

போலீசுக்குப் போகலாம் என்று கூடப் படித்த ஒருத்தி சொன்னாள். எரிந்து சாம்பலான உடம்பைக் காட்டி என்ன கேஸ் எழுதச் சொல்வது?

வருஷங்கள் ஓடின. பயிற்சி முடிந்து முசிறிப் பக்கம் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். 1961ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு டிஸ்பென்சரியில் ஊசி அறை அவள் பொறுப்பில் வந்தது. சின்னையா குடியிருக்கும் ஊர் அது என்பதால்தான் அதைக் கேட்டு வாங்கினாள். அம்மா மண்டபம் சாலையில் அவர் சைக்கிள் போவதை இரண்டு வருஷம் பார்த்தாள். கைம்பெண் என்று ஊர் உடுத்திவிட்ட வெள்ளையையே இப்போது நர்ஸ் உடையாக உடுத்தியிருந்தாள். அந்த வெள்ளைக்கு வழிவிட்டு அவர் சைக்கிளை ஒதுக்குவார். யாரென்று தெரியாது. ஏழைக் குடியானவன் பெண்டாட்டியின் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார், இப்போது ஞாபகம் வைத்துக்கொள்ள?

1963 ஆவணியில் ஒரு காலை. ஊசி அறை வாசலில் வரிசை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டிக்கொண்டு ஒரு பெரியவர் கூனிக்குறுகி உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். முதுகில் ராஜபிளவை என்கிற பெரிய சீழ்க்கட்டி. கொதிக்கிற காய்ச்சல். சீட்டில் பெயர் சின்னையா, வயது ஐம்பத்தெட்டு. மருந்து பெனிசிலின்.

ஊசிகள் கொதிக்கும் பாத்திரத்தின் மூடி தடதடவென்று ஆடியது. அவள் அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தாள். ஆனாலும் பழக்கம் விடவில்லை. நாலாவது பத்தியைக் கேட்டாள்.

"முன்னாடி இந்த ஊசி போட்டதுண்டா, ஐயா?"

சின்னையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன். எனக்கு இது ஆகாது. ஐம்பத்துநாலு மாசியில எனக்கு நானே போட்டுக்கிட்டேன். உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கிப்போச்சு. அதோட தொடுறதில்லை. மறுபடியும் போட்டா உயிருக்கே ஆபத்தும்மா. டாக்டர்கிட்டச் சொல்லி வேற எழுதி வாங்கித் தாங்க."

ஐம்பத்துநாலு மாசி. வீரமலை செத்தது ஐம்பத்தைந்து ஆடி.

தெரிந்தே போட்டிருக்கிறான்.

தட்டில் ஊசி இருந்தது. பக்கத்தில் மருந்து இருந்தது. அவர் சொன்னது காதில் விழாததுபோல் இருந்துவிட்டால் போதும். வரிசையில் ஒருவருக்கும் கேட்டிருக்காது. பத்து நிமிஷம். கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுவார், முகம் வீங்கும், நகம் நீலமாகும். அவள் வெந்நீர் கொண்டு வரப் போய்விட்டு மெதுவாகத் திரும்பி வரலாம். கை மருந்துப் புட்டி வரைக்கும் போயிற்று. பொய் சொல்லவில்லை, போயிற்று.

புட்டியின் குளிர்ச்சி விரலில் பட்டதும் அவள் நின்றாள். இரக்கத்தால் அல்ல. செத்தவன் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டான். மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். காளியாயி கூடவே அழுதுகொண்டு போவாள். அஞ்சலைக்கு ஆயுசுக்கும் அவள் கருவாட்டுக்காரிதான்.

எழுந்து போய் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் சீட்டை வாங்கி அடித்துவிட்டு டெர்ராமைசின் ஊசி எழுதினார், பத்து நாளைக்கு. அவள் முதல் ஊசியைப் போட்டாள். பிறகு மிகவும் மரியாதையாக, மறுநாள் கூட்டம் சேருமுன் எட்டு மணிக்கே வந்துவிடும்படி சொல்லி அனுப்பினாள்.

டிஸ்பென்சரி வேலையாள் பிச்சைக்கு நெடுங்கரைக்குப் பக்கத்து ஊர். அவனை அன்றே லால்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். சின்னையா நோயில் கிடக்கிறார், பார்க்க ஆசைப்படுகிறார் என்று காளியாயியிடம் சொல்ல வேண்டும். பேத்தியையும் கூட்டிவரச் சொல்ல வேண்டும். தன் பெயர் மட்டும் வரக் கூடாது.

"சிஸ்டரம்மா, பொய் சொல்லச் சொல்றீங்களே" என்று பிச்சை தலையைச் சொறிந்தான்.

"அவர் நோயில கிடக்கிறது பொய்யா?"

"இல்லீங்க."

"அப்ப பாதிதான் பொய். அந்தப் பாதிப் பொய்யோட பாவம் என்கிட்ட வரட்டும்."

மறுநாள் ஏழே முக்காலுக்குக் காளியாயி மடியில் நாலு எலுமிச்சம்பழத்தோடு, பத்து வயது அஞ்சலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிச்சை அவர்களைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து, ஊசி அறையின் பச்சைத் திரைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார வைத்தான். டாக்டரய்யா இப்போது வருவார், வரும்வரை சத்தம் கூடாது, டிஸ்பென்சரிச் சட்டம் என்றான்.

பொன்னுத்தாய்க்கு ஒரே பயம்தான். தன் குரலை மாமியார் கண்டுகொண்டு இரைந்துவிட்டால் எட்டு வருஷம் வீண். சின்னையா வந்து முக்காலியில் உட்கார்ந்ததும் அவள் அடித்தொண்டையில் பேசினாள்.

"ஐயா, நேத்தே சொல்ல மறந்துட்டேன். ஊசி முடியிற வரைக்கும் பத்தியம் இருக்கணும். கருவாடு தொடக் கூடாது. தொட்டா ஊசி விஷமாயிடும்."

சின்னையா வலியிலும் சிரித்தார். தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவளிடம் சிரிக்கிற சிரிப்பு.

"நம்மகிட்டயேவா சிஸ்டர்? நானும் பன்னெண்டு வருஷம் கம்பவுண்டரு. ஊசிக்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் ஊர்ச்சனத்துக்குச் சொல்றது."

திரைக்குப் பின்னால் பெஞ்சு ஒரு முறை கிறீச்சிட்டது. பொன்னுத்தாய் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தாள்.

"எதுக்கு அப்படிச் சொல்லணும், ஐயா?"

"பின்னே? எவனுக்காவது ஒத்துக்காமப் போச்சுன்னா நம்ம தலையில விடியும்ல. எனக்கே ஒருத்தன் கண்ணு முன்னாலயே போயிட்டான், லால்குடிப் பக்கம். எனக்கு வந்த மாதிரியே முதல் ஊசியில அவனுக்கும் தடிச்சிருக்கு. அவன் பொஞ்சாதி சொல்லத்தான் சொன்னா. மருந்தை ஊசியில ஏத்திட்டோம், எல்லாருக்குமா ஆயிடும்னு போட்டுட்டேன். நல்லவேளை, அடுப்புல கருவாட்டுச் சட்டி இருந்துது. இல்லேன்னா அன்னைக்கு என்னைக் கட்டிவச்சுல்ல உரிச்சிருப்பானுங்க."

முதலில் ஒரு எலுமிச்சம்பழம் திரைக்கு அடியிலிருந்து உருண்டு வந்தது. பிறகு இன்னொன்று. அது சின்னையாவின் காலில் வந்து முட்டி நின்றது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்தபோது திரை விலகியிருந்தது. காளியாயி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் இரையவில்லை. மகன் செத்த அன்று ஊரைக் கூட்டிய அந்த வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

பொன்னுத்தாய் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "என்னைத் தெரியுதாங்க? நெடுங்கரை வீரமலை பொஞ்சாதி. வெந்நீர் கொண்டாரச் சொன்னீங்க. கொண்டாந்தேன்."

சின்னையா எழுந்து ஓடப் பார்த்தார். பிளவை இழுத்தது, முனகிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். ஏதேதோ சொன்னார். காய்ச்சலில் உளறினேன் என்றார்.

"ஊசி பாக்கி இருக்கு" என்றாள் பொன்னுத்தாய். "இன்னைக்கு ஒண்ணு, அப்புறம் எட்டு. போடாம விட்டா பிளவை உள்ளே இறங்கும். உங்களுக்கே தெரியும். வேற எங்க வேணும்னாலும் போகலாம். எங்க போனாலும் பெனிசிலின் ஆகுமான்னுதான் முதல்ல கேப்பாங்க."

காளியாயிக்கு அப்போதுதான் குரல் வந்தது. "போகட்டும். போனா நெடுங்கரைய மொத்தமாக் கூட்டிக்கிட்டு இவன் வாசல்ல வந்து நிப்பேன்."

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். முழங்கால் மடிந்தது. காலைத் தொடக் குனிந்தவளைப் பொன்னுத்தாய் தடுக்கவில்லை. தூக்கவும் இல்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். எட்டு வருஷத்தை ஒரு நிமிஷத்தில் குனிந்து எடுத்துவிட முடியுமா?

"எழுந்திரிங்க அத்தை. எனக்கு அது வேண்டாம். இன்னும் எட்டு நாளைக்குத் தினம் காலையில வந்து முன்வரிசைப் பெஞ்சுல உக்காருங்க. நான் கேட்கிறதையும் அவர் சொல்றதையும் கேட்டுட்டுப் போய் ஊர்ல சொல்லுங்க. என்னைப் பத்தி எத்தனை வாசல்ல சொன்னீங்களோ, அத்தனை வாசல்லயும் சொல்லுங்க. பிள்ளை என்கிட்ட இருக்கட்டும்."

அப்படியே நடந்தது. தினமும் காலை வரிசை நிறைந்திருக்கும்போதுதான் சின்னையாவின் பெயரை அவள் கூப்பிட்டாள். ஊசி போடுமுன் கேட்பது அவள் கடமை. ஒரு டாக்டரும் குற்றம் சொல்ல முடியாது. உரக்கக் கேட்டாள்.

"உங்களுக்குப் பெனிசிலின் ஆகுமா?"

"ஆகாது."

"எப்படித் தெரியும்?"

"முன்னாடி போட்டப்ப தடிச்சுது."

"எந்த வருஷம்?"

"ஐம்பத்துநாலு."

முன்பெஞ்சில் காளியாயி இமை கொட்டாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் நெடுங்கரையிலிருந்து இரண்டு பெண்கள் அவளோடு வந்தார்கள். ஐந்தாம் நாள் ஏழு பேர். டெர்ராமைசின் ஊசி சதையில் இறங்கும்போது தீயாய் எரியும். அது அந்த மருந்தின் சைடு எஃபெக்ட், நோட்டில் மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கிறது. சின்னையா பல்லைக் கடித்துக்கொள்வார். பொன்னுத்தாய் அதைக் குறைக்க ஒன்றும் செய்யவில்லை, கூட்டவும் இல்லை. மருந்தின் அளவை ஒரு சொட்டுக்கூட மாற்றவில்லை. அவர் பிளவை நன்றாக ஆற வேண்டும், அவர் நெடுநாள் வாழ வேண்டும், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போவதற்கு ஊர் இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ரங்கநாதரை வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதல் பலித்தது.

கடைசி ஊசி போட்ட அன்று மத்தியானம் அவள் காளியாயியைத் தன் குடித்தனத்துக்கு அழைத்துப் போனாள். வாசலிலேயே அந்த வாடை வந்தது. காளியாயி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

உள்ளே மூன்று இலை போட்டிருந்தது. அஞ்சலை ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆயா வீட்டில் எட்டு வருஷமாக நுழையவே விடாத பண்டம் அது. குழம்பு தோய்ந்த சோற்றை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

"அப்பாவுக்கு இது பிடிக்குமா?"

"அன்னைக்கு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. நல்லாயிருக்குன்னாரு. அதுதான் அவர் என்கிட்டக் கடைசியாச் சிரிச்சது" என்றாள் பொன்னுத்தாய்.

அஞ்சலை இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். "எனக்கும் இன்னும் கொஞ்சம், அம்மா."

பொன்னுத்தாய் மகளுக்குப் பரிமாறினாள். பிறகு மூன்றாவது இலையில் சோற்றை வைத்து, நடுவில் குழி செய்து, நெத்திலித் துண்டுகள் மிதக்கக் குழம்பை ஊற்றினாள்.

"உக்காருங்க அத்தை. சாப்பிடுங்க."

காளியாயி உட்கார்ந்தாள். முதல் கவளம் தொண்டையில் இறங்க வெகுநேரம் பிடித்தது. கண்ணீர் தாடையில் வழிந்து இலையில் சொட்டியது. அழாதீர்கள் என்று பொன்னுத்தாய் சொல்லவில்லை. இலை காலியாகும் வரை எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலியானதும், கேட்காமலே, இரண்டாம் தடவையும் ஊற்றினாள்.